காண்டாமிருகத்தை விடுங்கள், ஓரா மீனைக் காட்டுங்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வரும் சகோதரிகளுக்கும், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் தெருவுக்கு வரும்போதெல்லாம் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கிறீர்கள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறீர்கள். மாத்திரையைக் கொடுத்து நோட்டில் எழுதிக்கொண்டு, கிளம்பும்போது "வேற ஏதும் தொந்தரவு இருக்கா பாட்டி?" என்று கேட்பீர்கள். "ஒண்ணுமில்ல தாயி" என்பார் அம்மா. அந்த 'ஒண்ணுமில்ல'வுக்குப் பின்னால் அப்போதே அல்சைமர் என்ற மறதி நோய் இருந்தது. நீங்கள் கவனிக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்த நானும் கவனிக்கவில்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கும் எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வயது 76. ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட கடற்கரையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். பாவாடை கட்டிய வயதிலிருந்து கடலில் மூழ்கிக் கடல்பாசி எடுக்கப் போனவர். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை, கண்ணில் கண்ணாடி, விரல்களில் பாறை கிழிக்காமல் இருக்கத் துணிச்சுற்று, இடுப்பில் பை. மரிக்கொழுந்து எது, கஞ்சிப்பாசி எது, கட்டக்கோரை எது என்று தண்ணீருக்குள் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குக் காற்று பெயர் சொல்லி, இன்று கடலில் இறங்கலாமா கூடாதா என்று வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்வார். பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் தெருவுக்கு மீன் கூடை வந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "ஏத்தா, அந்த முள்ளு குத்துற மீனு வந்துருக்கு, வாங்கவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓரா மீன். அதன் முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று இந்தக் கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அம்மா வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து, "வாங்கு, முள்ளை மட்டும் அவங்ககிட்டயே குடுத்துட்டு வா" என்று நானும் விளையாடினேன். அம்மா சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

சில மாதங்களில் ஓரா வெறும் 'மீனு' ஆனது. காரல், சூடை, ஊளி, விளைமீன் எல்லாமே மீனு. அப்புறம் மீனும் 'அது' ஆனது. முதலில் பெயர் போய் விளக்கம் வந்தது. விளக்கம் போய் இனத்தின் பெயர் வந்தது. அதுவும் போய் வெறும் சுட்டு மிஞ்சியது. இந்தப் படிக்கட்டு எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவுக்கு வயதாகிறது என்பது மட்டும்தான்.

இதில் இன்னொரு சங்கடம், நம் பேச்சுத் தமிழே இந்த நோய்க்கு நல்ல ஒளிவிடம். "அந்த இதை எடு", "அவன் இருக்கான்ல, அவன்தான்", "என்னமோ சொல்வாங்களே" என்று நாள் முழுக்க எல்லாரும்தான் பேசுகிறோம். யார், எது என்று சொல்லாமலே பாதிப் பேச்சு ஓடிவிடும். எதிரில் இருப்பவர் நிரப்பிக்கொள்வார். அம்மா விட்ட இடங்களை ஒரு வருடம் நான் நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

நான் நடுநிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். வேற்றுமை உருபு நடத்தி நடத்தி வாய் தேய்ந்தவள். அதனால் ஒருநாள் அம்மா சொன்ன ஒரு வாக்கியம் அப்படியே காதில் நின்றுவிட்டது: "அதை எடுத்து இதுக்குள்ள போட்டு, அதால மூடி, அவகிட்ட குடுத்துரு." உருபு ஒன்றுகூடத் தவறவில்லை. வினை எச்சமெல்லாம் ஒழுங்காக வரிசையில் நின்று, முற்றில் போய்ச் சேர்ந்தன. பெயர்ச்சொல் மட்டும் ஒன்றுகூட இல்லை. வலையில் ஒரு கண்ணிகூட அறுபடவில்லை, உள்ளே மீன்தான் இல்லை. இலக்கணம் தப்பாத அந்தப் பேச்சுதான் என்னை ஏமாற்றியது. நோய் என்றால் நாக்குக் குழற வேண்டும், வாக்கியம் உடைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, எப்படியோ அழைத்துக்கொண்டு போனோம். ஒரு நகரத்தில் பெரிய மருத்துவமனை. டாக்டர் இளைஞர், நல்ல பிள்ளை. வெளியே ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தும் அம்மாவுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினார். கையில் ஒரு கேள்வித்தாள்.

"இன்னைக்கு என்ன தேதி பாட்டி?"

"தேதி நமக்கெதுக்கு தம்பி? அமாவாசை கழிஞ்சு இன்னையோட நாலு நாள்."

நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். சரியாக நாலு நாள். கடல் வற்றுவதை நிலாவைப் பார்த்தே கணக்குப் போட்டுப் பாசிக்குப் போனவருக்கு அதுதான் காலண்டர். தாளில் அதற்கு மதிப்பெண் இல்லை.

அடுத்து மூன்று படங்கள். சிங்கத்தைப் பார்த்ததும், "ஆத்தா ஏறி வர்றது" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு டிக் போட்டார். ஒட்டகத்தைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லிவிட்டார். மூன்றாவது காண்டாமிருகம். அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "இது எந்தூரு மாடுத்தா?" என்றார். டாக்டர் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். பாசி எடை போடும் வியாபாரியிடம் ஒரு ரூபாய் ஏமாறாத அம்மா, "எதுக்கு ஏழு?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். கடைசியில் பேனாவைக் கையில் கொடுத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னபோது, அம்மா கட்டைவிரலை மை வைக்க நீட்டினார்.

மதிப்பெண் அதலபாதாளம். ஆனால் டாக்டரே அதை நம்பவில்லை. "படிக்காதவங்களுக்கு இப்படித்தான் வரும், வயசும் ஆச்சு, பெரிசா எடுத்துக்காதீங்க" என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. படிக்காதவர்களுக்கு அந்தத் தாளில் குறைவாகத்தான் வரும். அம்மாவுக்கு நோய் இருந்தது என்பது மற்றப் பாதி. அம்மாவுக்கு எப்போதுமே தெரியாததைக் கேட்டு அந்தத் தாள் மதிப்பெண்ணைக் குறைத்தது. அம்மா தொலைத்துக்கொண்டிருந்த சொற்களை அது கேட்கவே இல்லை. அந்த அறையில் ஒரு ஓரா மீன் படம் இருந்திருந்தால் விஷயம் அன்றே வெளியே வந்திருக்கும்.

போனது இரண்டு வருடம். அந்த இரண்டு வருடம் முன்னால் தெரிந்திருந்தால் அம்மாவைக் குணப்படுத்தியிருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். இதற்குக் கொடுக்கும் டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அறிகுறியைச் சில காலம் தணிக்கும். நோயை நிறுத்தாது. ஆனால் அந்த இரண்டு வருடம் அம்மாவைத் திட்டாமல் இருந்திருப்பேன். "எத்தனை தடவைதான் சொல்றது?", "வேணும்னே பண்றியா?" இவையெல்லாம் ஒரு தமிழாசிரியை தன் தாயிடம் சொன்ன வாக்கியங்கள். பாசி எடுத்த இடங்களின் பெயர்களையும், கடலுக்கடியில் இருக்கும் பாறைகளுக்குப் பெண்கள் தங்களுக்குள் வைத்திருந்த பெயர்களையும் அம்மா வாயாலேயே பதிவு செய்து வைத்திருப்பேன். இப்போது கேட்டால் "அங்கிட்டு" என்கிறார்.

பிறகு வேறொரு ஊரில் நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். அவர் தாளை எடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா என்ன வேலை பார்த்தாங்க?" சொன்னேன். அம்மா பக்கம் திரும்பி, "ஆத்தா, ஒரு நிமிஷம் கடிகாரம் பாத்துக்கிட்டு இருக்கேன். அதுக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்ச மீன் பேரெல்லாம் சொல்லுங்க" என்றார்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "காரல்... சூடை..." அப்புறம் சுவரைப் பார்த்தார். "நண்டு... காரல்... அந்த இது... காரல்." நிமிடம் முடிந்தது.

எனக்கு அடிவயிறு கலங்கியது. ஊருக்குத் திரும்பியதும் எதிர்வீட்டுச் சின்னம்மாவிடம் ஓடினேன். முறைக்குத்தான் சின்னம்மா, அம்மாவைவிட இரண்டு வயது மூத்தவர். அவரும் பாசிக்குப் போனவர், அவருக்கும் கைநாட்டுதான். அதே கேள்வி, அதே ஒரு நிமிடம். மூச்சு விடாமல் இருபத்தாறு பெயர் சொல்லிவிட்டு, "போதுமா, கருவாடும் சேத்துச் சொல்லவா?" என்று கேட்டார். படிப்பின்மையும் வயதும்தான் காரணம் என்றால் சின்னம்மாவுக்கும் அல்லவா மீன்கள் போயிருக்க வேண்டும்?

இரத்தத்தில் பி12, தைராய்டு பார்த்தார்கள். பி12 குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும் கூடினாலும் மறதி வரலாம், மருந்தில் சரியாகவும் செய்யலாம். காது பார்த்தார்கள். வருடக்கணக்கில் தண்ணீரில் மூழ்கியவர்களுக்குக் காது வலியும் அடைப்பும் புதிதல்லவே. கேட்காததை மறதி என்று நாம் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மனச்சோர்வு உண்டா என்று கேட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் பார்த்த பிறகுதான் அல்சைமர் என்று சொன்னார்கள்.

அந்த மருத்துவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அமிலாய்டு, டௌ என்று இரண்டு புரதங்கள் மூளையில் சேரக்கூடாத விதத்தில் சேர்கின்றன. காதுக்கு நேராக உள்பக்கம், நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் இருக்கும் மூளை மடலின் அடிப்பகுதியில் ஹிப்போகேம்பஸ் என்ற இடம் இருக்கிறது. புது நினைவுகள் பதிவாக அது வேண்டும். பொதுவாக அதிலும் அதன் அக்கம்பக்கத்திலும்தான் சேதம் முதலில் தெரியும். காலையில் சாப்பிட்டது மறந்துபோவது அதனால்தான். அப்புறம் சேதம் அந்த மடலில் பரவுகிறது. ஒரு பொருள் என்ன, அதன் பெயர் என்ன, அது எந்த இனம் என்ற அறிவுக்கு அந்தப் பகுதி முக்கியம். அதனால் பெயர்கள் உதிர்கின்றன. வாக்கியத்தைக் கட்டுவதற்கும் வாயை அசைத்து ஒலி எழுப்புவதற்கும் மூளையின் முன்பகுதியில் இருக்கும் இடங்கள் கூடுதலாக வேலை செய்கின்றன. அங்கே நோய் எட்டத் தாமதமாகும். அம்மாவின் வேற்றுமை உருபுகள் பிழைத்துக் கிடந்தது அப்படித்தான். எல்லாருக்கும் இதே வரிசைதான் என்றில்லை. மறதிக்கு முன்பே சொல் தேடித் தவிப்பது தொடங்கும் அல்சைமரும் உண்டு.

அம்மா ஒருநாள் பரணில் கிடந்த தன் பழைய கண்ணாடியை எடுத்துக் காட்டி, "தண்ணிக்குள்ள பாக்குறது" என்றார். பெயர் வரவில்லை, பயன் வந்தது. பிறகு இந்த நோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோது ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் 1901-இல் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவரிடம் ஆகுஸ்த டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெயர் கேட்டால் ஆகுஸ்த என்றார். கணவர் பெயர் கேட்டாலும் ஆகுஸ்த என்றார். காலிஃபிளவர் சாப்பிட்டுக்கொண்டே கீரை என்றார். அந்தப் பெண் 1906-இல் இறந்தார். அந்த வருடம் நவம்பரில் அல்சைமர் அவரைப் பற்றி மருத்துவர்கள் கூட்டத்தில் பேசினார். அடுத்த வருடம் அச்சான அவருடைய குறிப்பில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அந்தப் பெண் கோப்பையைக் கோப்பை என்று சொல்லாமல் 'பால் ஊற்றி' என்று சொன்னாராம். அந்த நோயைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே அம்மாவின் 'தண்ணிக்குள்ள பாக்குறது' இருக்கிறது! நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் காது கொடுத்துக் கேட்டு எழுதிவைத்ததை, என் வீட்டுத் திண்ணையில் கேட்டுச் சிரித்தவள் நான்.

அம்மா ஒருத்தர்தானே என்று நினைக்க வேண்டாம். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, நினைவும் அறிவும் தேய்ந்துபோகும் டிமென்ஷியா இருக்கிறது என்று மதிப்பிட்டது. டிமென்ஷியாவில் பெரும்பகுதி அல்சைமர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் கூடுதலாக இருப்பதாக அதே ஆய்வு சொல்கிறது. பெண்கள், கிராமம், பள்ளிக்கூடம் போகாதவர்கள். நீங்கள் கதவைத் தட்டும் வீடுகளில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள்தான்.

எங்கள் கரையில் இதற்கு வைத்தியத்துக்கு முன்னால் வேறு விளக்கங்கள் வந்துவிடும். இறந்துபோன பெரியம்மா பெயரைச் சொல்லி அம்மா என்னைக் கூப்பிட ஆரம்பித்தபோது, 'அவ வந்து இறங்கிட்டா' என்று சொன்னார்கள். உறவில் ஒருவர், "ஏர்வாடியில கொண்டு போயி கொஞ்ச நாள் வச்சிருப்போம்" என்றார். தர்காவுக்குப் போவதை நான் தப்பாகச் சொல்லவில்லை. அம்மாவே வருடா வருடம் சந்தனக்கூட்டுக்குப் போனவர்தான். ஆனால் 'வச்சிருப்போம்' என்ற சொல்லைக் கேட்டதும் இந்தக் கரைக்காரர் யாருக்கும் 2001 ஆகஸ்ட் 6 ஞாபகம் வரும். தர்காவைச் சுற்றியிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் செத்துப்போன நாள். ஆளை மாற்றிக் கூப்பிடுவது பேய் இல்லை, சொல் தேடும் மூளை பக்கத்துப் பெயரை எடுத்துவிடுகிறது, பெரியம்மாவும் நானும் அம்மாவின் மனதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம் என்று அன்றைக்கு யாராவது ஒருவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பல இரவுகள் நிம்மதியாகக் கழிந்திருக்கும். அதைச் சொல்ல டாக்டர் வேண்டியதில்லை. நீங்கள் போதும்.

இனி உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

"மறதி இருக்கா பாட்டி?" என்று அவர்களிடமே கேட்காதீர்கள். மறந்தது மறந்தவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் விருந்தாளி முன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டி, "ஆமா தாயி, நீ சொன்னாச் சரிதான்" என்று சமாளித்துவிடுவார். அந்தச் சமாளிப்பே ஒரு அறிகுறி என்று பிற்பாடுதான் புரிந்தது. கூட இருப்பவரிடம் கேளுங்கள். மகளிடம், மருமகளிடம், எதிர்வீட்டுச் சின்னம்மாவிடம். அதுவும் மறதியைப் பற்றி வேண்டாம், பேச்சைப் பற்றிக் கேளுங்கள். முன்னே மாதிரி பேச்சு இருக்கா? பேர் சொல்றதுக்குப் பதிலா 'அது', 'இது' கூடிப்போச்சா? கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்குறாங்களா? நாலு பேர் கூடிப் பேசுற இடத்துல பேசாம ஒதுங்குறாங்களா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தையே வாயால் தீர்த்துவைத்த அம்மா கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியதை முட்டிவலி என்று நினைத்தோம். பேச்சின் ஓட்டத்தைப் பிடிக்க முடியாமல் பின்வாங்கியிருக்கிறார்.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். நான் சொல்வது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. நேற்று நன்றாகப் பேசியவருக்கு இன்று பேச்சுக் குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ அது பக்கவாதம். அப்போது 108-ஐக் கூப்பிட வேண்டும். சின்னம்மாவைக் கூப்பிட்டு மீன் பெயர் கேட்கிற நேரம் இல்லை அது. இரண்டு மூன்று நாளில் திடீரென்று உளறத் தொடங்கினாலும் காய்ச்சல், நீர்த்தாரைத் தொற்று, உப்புக் குறைவு, புதிதாகச் சேர்ந்த மாத்திரை என்று வேறு காரணம் இருக்கலாம். காத்திருக்காமல் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது பயிற்சி கொடுக்கும் அலுவலர்களுக்கு. முதல் டாக்டர் அம்மாவிடம் கேட்டதில் இரண்டு மறதிச் சோதனைத் தாள்களின் கேள்விகள் கலந்திருந்தன. வாக்கியம் எழுதச் சொல்லும் 30 மதிப்பெண் தாள் அமெரிக்காவில் 1975-இல் வந்தது. பெயர் சொல்ல அதில் பென்சிலையும் கைக்கடிகாரத்தையும் காட்டுவார்கள். சிங்கமும் ஒட்டகமும் காண்டாமிருகமும் இருப்பது கனடாவின் மான்ட்ரியலில் உருவான இன்னொரு தாள். இரண்டும் நல்ல கருவிகள்தான், அவை செய்யப்பட்ட இடத்து ஆட்களுக்கு. இதை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவள் நானில்லை. அரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 1990-களிலேயே எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காக அந்த அமெரிக்கத் தாளை இந்தியில் மாற்றி அமைத்தார்கள். '10/66' என்ற ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வேலை செய்திருக்கிறது. உலகில் டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் இருக்கும் வளரும் நாடுகளில் ஆய்வில் 10 சதவீதம்கூட நடக்கவில்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். படிக்காதவரைப் படிக்காதவராகவே மதித்துச் சோதிக்க முடியும் என்று காட்டியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். அது கடற்கரை வரை வரவில்லை.

படிப்பு வேறு, மொழி வேறு. இதைத் தமிழாசிரியையாகவும் சொல்கிறேன். ஐதராபாத்தில் நிம்ஸ் மருத்துவமனையில் டிமென்ஷியா வந்த 648 பேரைப் பார்த்து 2013-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு, ஒரு மொழி மட்டும் பேசுகிறவர்களைவிட நான்கரை வருடம் தாமதமாக நோய் தொடங்கியிருந்தது. எழுத்தே தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. பேச்சும் மூளைக்கு ஒரு உழைப்பு. எங்கள் பெண்கள் எழுதாவிட்டாலும் கடல் நிறையச் சொல் வைத்திருந்தவர்கள்.

ஆகவே நம் கரைக்கு ஒரு படக்கட்டு வேண்டும். ஓரா, காரல், நண்டு, கணவாய், திருக்கை, வத்தை, நங்கூரம், உலை மூடி, அருவாமனை, அம்மி. இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளை ஊர் ஊராக அனுப்பினால் ஒரே மாதத்தில் சேகரித்துவிடலாம். ஆனால் மேசையில் உட்கார்ந்து பட்டியல் போடாதீர்கள். வடகடல்காரர் சொல்லும் பெயரைத் தென்கடல்காரர் சொல்ல மாட்டார். கீழக்கரை முஸ்லிம் வீட்டுப் பாட்டிக்குச் சமையலறையில் இருக்கும் பாதிப் பெயர் எங்களுக்கு விளங்காது. உள்நாட்டில் கண்மாய்க்கரைப் பாட்டிக்குக் கட்டக்கோரையைக் காட்டினால், அது அவருக்குக் காண்டாமிருகம்தான். படத்தைக் காட்டினால் மட்டும் போதாது, நோயில்லாத அதே வயதுக்காரர், அதே போலப் பள்ளிக்கூடம் போகாதவர் எத்தனை சொல்கிறார் என்ற கணக்கும் வேண்டும். சின்னம்மாவின் இருபத்தாறு எனக்கு ஒரு பயத்தை உறுதிப்படுத்தியது. அதை வைத்து இன்னொரு வீட்டில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கைச் சரியாகப் போடுவது படித்தவர்கள் வேலை. படக்கட்டோடு வரும் சகோதரி நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். "ஒருதரம் டாக்டர்கிட்ட காமிச்சிருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும்.

இன்னொன்று. இந்த வீடுகளில் எப்படிப் பேச வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை. நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றதைச் சொல்கிறேன், உங்கள் பயிற்சியில் சேர்த்துக்கொள்ள முடிந்தால் சேருங்கள். "அரிசியைக் களைஞ்சு உலையில போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு வா" என்றால் அம்மா கதவை மட்டும் சாத்திவிட்டு வருவார். நீள வாக்கியத்தின் முன்பகுதி, பின்பகுதி வருவதற்குள் கரைந்துவிடுகிறது. ஒன்று சொல்லி, அது முடிந்த பிறகுதான் அடுத்தது. "என்ன சாப்பிடுற?" என்று கேட்டால் விழிக்கிறார். "கஞ்சியா, இட்லியா?" என்றால் பதில் வருகிறது. சொல்லைத் தேடி எடுப்பதுதான் கஷ்டம், எதிரில் வைத்தால் அடையாளம் தெரிகிறது. நாம் 'அவன்', 'அது' என்று பேசக் கூடாது. அம்மாவிடம் இல்லாத பெயர்களை நாம்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் திருத்தக் கூடாது. தமிழாசிரியைக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கும் ஒரு வார்த்தை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "நான் யாருன்னு சொல்லு பாப்போம்?" என்று ஆரம்பிக்கிறார்கள். பாசமாகத்தான். ஆனால் அம்மாவுக்கு அது ஒரு நாளைக்கு நாலு பரீட்சை, நாலிலும் தோல்வி. "அம்மாச்சி, நான் உன் பேரன் வந்திருக்கேன்" என்று என் மகன் தன் பெயரையும் சொல்லிக்கொண்டே உள்ளே வருவான். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அம்மாவிடம் இப்போது பேச்சு நன்றாகக் குறைந்துவிட்டது. போகப்போக நாம் சொன்னதையே திருப்பிச் சொல்வார், அப்புறம் அதுவும் நிற்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் தேடி எடுக்க வேண்டாத சொற்கள் இன்னும் வருகின்றன. படியில் அரிசி அளக்கும்போது நான் "லாபம்" என்றால், "ரெண்டு, மூணு, நாலு" என்று தானாகப் போகிறார். அம்மாவின் அப்பா கரைவலை இழுத்தவர். வலை இழுப்பவர்கள் கரையில் பாடும் அம்பா பாட்டைக் கேட்டு வளர்ந்த காது அது. மகன் ஏலேலோ என்று இழுத்தால், எங்கே ஐலசா வர வேண்டுமோ அங்கே, ஒரு மாத்திரை பிசகாமல், அம்மா குரல் வந்து சேரும். குரலின் தொனியும் இன்னும் புரிகிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இனிமையான வார்த்தையாகச் சொன்னாலும் கோபம் என்று கண்டுகொண்டு முகம் வாடிவிடும். வார்த்தையால் ஏமாற்ற முடியாத இடத்துக்கு அம்மா போய்விட்டார்.

அடுத்த தடவை எங்கள் வீட்டுக்கு வரும் சகோதரிக்குத் தனியாக ஒரு விஷயம். பிரஷர் பட்டையை எடுத்ததும் அம்மா விரல்களை விரித்து நீட்டுவார். கையைச் சுருட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். பாசிக்குப் போகும்முன் விரலுக்குத் துணி சுற்றுகிறீர்கள் என்று நினைக்கிறார். ஒரு நிமிடம் விரலைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், தானாகத் தளர்ந்துவிடும், அப்புறம் பட்டையைக் கட்டலாம். பதினைந்து படங்களை அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வரைந்தவை, திருக்கைக்கு மட்டும் வால் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. போகும்போது மறக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
பாசி எடுத்த ஒருவரின் மகள்